லிஃப்ட் படிப்புக்கு ஒரு நாள் லீவு

“நாற்பத்தோரு வயசுல லிஃப்ட் ரிப்பேர் கத்துக்கணும்னு ஏன் சார் தோணுச்சு?”

பயிற்சி மையத்தின் மாஸ்டர், விண்ணப்பத்தைப் புரட்டியபடி கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர் புரோகிராமர்; பதினெட்டு வருட அனுபவம்.

“நான் ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதுற புரோகிராமை, டீ ஆறுறதுக்குள்ள ஏ.ஐ. எழுதிடுது மாஸ்டர். நாளைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவாங்க. பொண்ணு இப்பதான் பத்தாவது. ஆனா லிஃப்ட் நடுவழியில நின்னா, எந்த ஏ.ஐ. குழிக்குள்ள இறங்கி கிரீஸ் தடவும்? சொல்லுங்க!”

“லிஃப்டைப் பத்தி ஏதாவது தெரியுமா?”

கேட்டதுதான் தாமதம், புரோகிராமர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“பெட்டியை மோட்டார் முழுசா தூக்குறதே இல்ல மாஸ்டர்! கயிறோட மறுமுனையில ஒரு எதிர் எடை தொங்குது. பெட்டியோட எடை, அதுல ஏறுற ஆளுங்க எடையில பாதி, ரெண்டும் சேர்த்து வெச்சிருப்பாங்க. மோட்டார் இழுக்க வேண்டியது மிச்ச வித்தியாசத்தை மட்டும்தான். என்ன மூளை பாருங்க! அடுத்து பிரேக்கை எடுத்துக்கிட்டா...”

“சார், சார்! இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரணும்.”

புரோகிராமர் அசடு வழிந்தார்.

“ஆபீஸ்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“வயித்துவலின்னு மெசேஜ் போட்டேன். இன்னைக்கு கஸ்டமர்கிட்ட வேலையை ஒப்படைக்கிற நாள் வேற. நான் இல்லாம அங்க ஒரு துரும்புகூட அசையாது. மேனேஜர் தலையைப் பிச்சுக்கிட்டு இருப்பார், பாவம்.”

“சரி, கடைசியா ஒரு இடம் இருக்கு. மத்தவங்களை மோட்டாரைக் கழட்டச் சொல்லிட்டு வந்தேன். நீங்களும் போய்ச் சேர்ந்துக்குங்க.”

மாஸ்டர் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். மோட்டாரைச் சுற்றிக் குனிந்திருந்த ஏழு தலைகள் நிமிர்ந்தன. ஏழும் தெரிந்த தலைகள். பல்வலி என்று லீவு போட்ட பக்கத்து சீட்டுக்காரர். மாமியாருக்கு சீரியஸ் என்று சொன்ன டெஸ்டிங் அக்கா. நட்ட நடுவில், முழங்கை வரை கிரீஸோடு மேனேஜர்.

“வாங்க, வாங்க! வயிறு எப்படி இருக்கு?”

“சார்... அப்ப ஆபீஸ்ல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. ஏ.ஐ. மட்டும்தான்.”

மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். பத்து நிமிடம் முன்பு கஸ்டமரிடமிருந்து வந்த மெயில்:

“முதல்முறையாக ஒரு பிழைகூட இல்லாமல், குறித்த நேரத்துக்கு முன்பே வேலை வந்து சேர்ந்தது. உங்கள் குழுவில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் என் நன்றி!”