தோணித்துறையில் குருமிளகு

மட்டாஞ்சேரி மிளகுக்கடையின் மாடியில், மத்தியானப் புழுக்கத்தில், ஷமீனா மடிக்கணினியையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். ஓர் இணையக் குழுவில், ஊரே மறந்துவிட்ட பழைய டிவி தொடர்களின் ரசிகர்கள், பெயர் சொல்லாமல் ஒருவருக்கொருவர் கதை எழுதிப் பரிசளிக்கிறார்கள். யாருக்கு யார் எழுதுவது என்று ஜோடி சேர்ப்பவள் இவள்தான். இவள் விரும்பிக் கேட்ட தொடரை மட்டும் குழுவில் ஒருவரும் பார்த்ததில்லை. அதனால் தனக்கென்று யாரையும் சேர்க்கவில்லை. ஆனாலும் இவள் பெயருக்கு ஒரு கதை வந்து நிற்கிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் விசைப்பலகை மேல் விழுந்து கிடக்கிறது. சுக்கு வாடை படியேறி வருகிறது. கதையில், அவள் கேட்ட அந்தத் தொடரின் நாயகி ரெஜினா தோணித்துறையில் அழுதுகொண்டு நிற்கிறாள். தொடரில் கடைசிவரை திரும்பாத அவள் புருஷன் இதில் தோணியை விட்டு இறங்குகிறான். "அழாத புள்ள, நான் வந்துட்டேன்ல" என்கிறான். அதற்கு அடுத்த வரி, திடீரென்று மலையாளத்தில்: "சேட்டா, குருமிளகு எத்தற கிலோ வேணும்?" அதற்கும் அடுத்த வரியில் ரெஜினா எதுவும் நடக்காததுபோல் கண்ணைத் துடைக்கிறாள். ஷமீனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துறையில் மிளகு விற்பது யார்? திரும்ப முதலிலிருந்து படிக்கிறாள், உதடு அசைய. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. கீழே கல்லாவில் அவள் கணவன் கமாலுதீன், அவளோடு உட்கார்ந்து அந்தத் தொடரை முழுக்கப் பார்த்தவன், தமிழ் எழுத வராதவன், எந்தச் செய்தியையும் போனிடம் பேசியே டைப் செய்ய வைப்பவன், வாசலில் வந்து நின்ற ஆளிடம் கேட்கிறான்: "சேட்டா, குருமிளகு எத்தற கிலோ வேணும்?"