முகம் பச்சையாகக் கூடாது

“இதையோ நல்ல லைட் எண்டு சொல்லுறீர்? இது டிக்டொக்கில ஆடுற பெட்டையளுக்கு! எனக்கென்னத்துக்கு?”

யேசுரட்ணம் அந்த வட்ட விளக்கை மேசையில் டக்கென்று வைத்தார். கொட்டாஞ்சேனையில் கமராவும் லைட்டும் விற்கும் சஜீத்துக்குக் காலை முதல் வியாபாரமே இப்படி வாய்த்தது. யேசுரட்ணம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

“கோபப்படாம சொல்லுங்க அங்கிள். வீட்டுலதானே வீடியோ?”

“வீட்டு ஹோல்ல. பக்கத்து வீட்டு நிக்கலஸ் போனில பிடிப்பான். கனடாவில என்ர பிள்ளையள் ரெண்டும் லைவ்வில பாப்பினம். அங்க நிக்கிறதுக்கு அதுகளுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்ல. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. வந்து நிக்கேலாத பிள்ளையளுக்கு முகமாவது ஒழுங்காத் தெரிய வேணாமோ?”

என்ன விசேஷம் என்று கேட்கச் சஜீத் வாயெடுத்தான். மனிதர் விட்டால்தானே!

“போன வருசமும் ஒருத்தன் வந்து பிடிச்சான். பெரிய வீடியோக்காரனாம்! ஹோல்ல ரியூப் லைட், பக்கத்தில மஞ்சள் பல்ப், இவன் கொண்டுவந்தது ஒண்டு. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு என்ர மனுசி பேர்ணடெற்றின்ர முகத்தைப் பச்சையாக்கிப்போட்டான், மாங்காய் மாதிரி! கோடு கோடா வேற ஓடுது. மகள் யூஜினா போன் எடுத்து, ‘இது எங்கட அம்மாவோ அப்பா?’ எண்டு அழுறாள். பேர்ணடெற் எவ்வளவு வடிவானவள் தெரியுமோ? அவனைத் தோலை உரிக்க வேணாமோ?”

“அநியாயம்தான் அங்கிள். மலிவான பல்ப் மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுல கோடாத்தான் விழும்.” சஜீத் ஒரு தட்டையான விளக்கை எடுத்து எரியவிட்டான். “இது எல்ஈடி பெனல். மினுங்காது. நிறமும் உள்ளபடி தெரியும். மத்த லைட் எல்லாத்தையும் ஓஃப் பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு வைங்க. முன்னால வெள்ளைத் துணி கட்டினா வெளிச்சம் மெதுவா விழும். இந்த முறை ஆன்ட்டிட முகம் பளிச்சுன்னு வரும், பாருங்க.”

“அவவின்ர வீடியோவை இனி ஆராலும் திருத்தேலாது. இந்த முறை வேற ஆள்,” என்றார் வெடுக்கென்று. “சூடாகுமோ? அவன்ர லைட்டால பூவெல்லாம் வாடிப்போச்சு.”

“சூடே இல்ல. எவ்வளவு நேரம் எரியணும்?”

“ரெண்டு நாள், விடாமல்.”

“கல்யாண வீடா அங்கிள்?”

“லைட்டைப் பற்றிக் கதையும்!”

சஜீத் விலையைச் சொன்னான். அவ்வளவுதான்.

“என்ன? என்னைப் படக் கொம்பனி எண்டு நினைச்சீரோ? பென்சன்காரன் நான்! முகம் தெரியிற வெளிச்சத்துக்கு இவ்வளவு விலையோ? பகல் கொள்ளை!”

“அப்ப வாடகைக்கு எடுங்க, லேசா முடியும். என்னைக்கு ஃபங்ஷன்?”

“நாள் தெரியாது.”

“ஃபாதர்தான் நாள் சொல்லணுமா?”

“ஃபாதருக்கும் தெரியாது! அதுதான் சொந்தமா வாங்கி வீட்டில வைக்க வேணும் எண்டுறன். உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?”

நாள் தெரியாத ஃபங்ஷனுக்கு இந்த மனிதர் ஏன் இப்படிக் கிடந்து கத்துகிறார் என்று சஜீத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் கதை அவன் மனதைப் பிடித்துக்கொண்டது. உள்ளே போய், பெட்டி கிழிந்ததால் விற்காமல் கிடந்த சின்னப் பெனல் இரண்டைத் தூக்கி வந்தான்.

“பழைய மொடல். ஆனா சாமான் நல்லம். பாதி விலைக்குத் தாரன். ஸ்டேண்டும் இருக்கு.”

யேசுரட்ணம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

“போட்டுப் பாக்காமல் வாங்கமாட்டன். ஒருக்கா ஏமாந்தது போதும்.”

“அது சரிதான். ஒவ்வொரு முகத்துக்கு ஒவ்வொரு மாதிரி விழும். அந்த ஆளை ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க அங்கிள். லைட் அடிச்சுப் பாத்தே தாரன்.”

“ஆள் வந்துதான் இருக்கு. அந்த ஸ்டேண்டை இஞ்சால் வையும்.”

சஜீத் வாசலை எட்டிப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

யேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் மல்லாந்து படுத்து, செபமாலையை விரல்களில் சுற்றி, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப போடும் தம்பி. மூக்கு நிழல் கன்னத்தில விழுதோ எண்டு வடிவாப் பாத்துச் சொல்லும். அண்டைக்கு நான் எழும்பிச் சண்டை பிடிக்கேலாது.”