மூக்கில் வராத பால்

மதலேனம்மாளுக்குப் பிறவியிலேயே மேலண்ணம் பிளந்திருந்தது. சின்ன வயதில் தைத்தும் ஒரு ஓட்டை மட்டும் மூடாமலே நின்றுவிட்டது. எதைக் குடித்தாலும் கொஞ்சம் மூக்கு வழியே வழியும். யாரும் பார்ப்பதற்குள் அம்மா அவளுடைய இடப்பக்கம் வந்து நின்று, முந்தானையால் துடைத்துவிடுவாள்.

அம்மா செத்த மறுவருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில், மதலேனம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் ஊரே பார்க்கப் பால் பழம் கொடுப்பார்களே என்றுதான் பயம். அப்பா திருச்சிக்கு அழைத்துப்போனார். டாக்டர் ஓட்டைக்குப் பக்கத்துச் சதையை ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கீறி, மூடிபோலத் திருப்பிவைத்துத் தைத்தார்.

"இனிமே ஒரு சொட்டுகூட மூக்குப் பக்கம் வராதும்மா."

ஏலாக்குறிச்சிக் கோயிலில் தாலி கட்டி, வில்வண்டியில் அரியலூர் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. நாத்தனார் பனங்கற்கண்டு போட்ட பாலை நீட்டினாள்.

"குடிங்க அண்ணி, எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்கல்ல."

குடித்தாள். பழக்கத்தில் முகம் தானாக இடப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. மூக்கு காய்ந்தே இருந்தது. வெறும் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் மாற்றுச்சேலை எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். சாவி காலையிலிருந்து அவள் இடுப்பில்தான் இருந்தது. பெட்டியின் அடியில், நினைவுக்காகக் கொண்டுவந்த அம்மாவின் சேலை. மடிப்புக் கலையாமல் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

முந்தானை நனைந்திருந்தது. பனங்கற்கண்டு வாசம் வந்தது. பால் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது.