தங்கவேலு வீட்டுப் படகு

“வந்துட்டாங்க பாரு,” என்று நாகப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடினான். ஏரியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கவேலு, அவன் பெண்டாட்டி பேபி, மகள்கள் இருவர், இந்த நான்கு பேரும் சேர்ந்து சிரித்தால் பருத்திப்பட்டு முழுக்கக் கேட்கும்.

அவர்கள் சவாரி போனது சாதாரணப் படகில் இல்லை. எண்ணூரில் ஒரு கம்பெனி துரை குடும்பத்தோடு உல்லாசமாகப் போய்வர வைத்திருந்த மோட்டார் படகு. நடுவில் சின்னதாக ஒரு அறை, அதற்கு இரண்டு கண்ணாடி ஜன்னல், உள்ளே எதிரெதிராக மெத்தை பெஞ்சு. துரை சீமைக்குப் போன பிறகு யார் யார் கைக்கோ மாறி, போன வருஷம் லாரியில் ஏறித் தங்கவேலுவிடம் வந்து சேர்ந்திருந்தது.

நாகப்பனும் தங்கவேலுவும் அம்பத்தூரில் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நிற்கிறவர்கள். ஒரே சம்பளம், ஒரே போனஸ். அப்படியிருக்க அவனுக்கு மட்டும் படகு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

“இன்னாத்துக்கு அவங்களயே பாத்துகினு கீறே? வந்து துன்னு,” என்றாள் அவன் மனைவி பொன்னம்மாள்.

“வேணும்னே சிரிக்கிறாங்கடி. நம்ம ஊட்டாண்ட வரச்சொல்லோதான் சிரிப்பே ஆரம்பிக்குது. அந்தாண்ட போய்ட்டா மோட்டார் சத்தம் மட்டுந்தான் கேக்குது.”

“உனக்கு வேற வேல இல்ல.”

வேறு வேலை எதுவும் அவனுக்கு ஓடவில்லை என்பதுதான் நிஜம். திங்கட்கிழமை தங்கவேலு நக இடுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு லேத்துக்கு வந்து கொட்டாவி விடுவான். நேற்று ஐயாவுக்கு ஆட்டம் அதிகம் போலிருக்கிறது என்று நாகப்பனுக்கு அந்தக் கொட்டாவி மேல்கூடப் பொறாமை வந்தது. போதாக்குறைக்கு, பேபி தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, “போட்ல உக்காந்து இட்லி துன்னா அது தனி ருசிக்கா,” என்பாள். அதை அவன் வீட்டு வாசல்வரை கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

ஒருநாள் டீக்கடையில் கேட்டேவிட்டான். “மச்சான், அந்த போட்ட எனக்குக் குட்த்துடேன்.”

தங்கவேலு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். “உயிரக் கேளு, தரேன். அத்த மட்டும் கேக்காத. பொண்ணுங்க தாங்காது.”

அது போதாதா? நாகப்பனுக்கு வெறியே பிடித்துவிட்டது. காலையில் சைக்கிளில் போகும்போது கேட்டான், சாப்பாட்டு மணி அடித்தால் கேட்டான். கடைசியில் தங்கவேலு பெரிய மனசு பண்ணித் தலையாட்டியதும், பட்டாபிராமில் வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுவிட்டான்.

“மனைய வித்துட்டு போட் வாங்கினா நாம எங்கய்யா குடியிருக்கறது?” என்று பொன்னம்மாள் அழுதாள்.

“அதுலயே ரூம்பு கீது,” என்றான் அவன்.

படகு கைமாறிய அன்று பேபி கரையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் நாகப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. அன்று ஆனந்தமாகத் தூங்கினான்.

அந்தத் தூக்கம் முதல் சவாரி வரைக்கும்தான். தண்ணீரில் இறங்கிய உடனே பலகை இடுக்குகளில் ஊற ஆரம்பித்தது. பஞ்சைத் திணித்துத் தாரைக் காய்ச்சிப் பூசினான். இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் பொத்துக்கொண்டது. மோட்டார் மண்ணெண்ணெயைக் குடித்துக் குடித்து இருமியது. அது கொஞ்சம் சொன்னபடி கேட்டால், ஏரியிலிருந்த ஆகாயத்தாமரை மோட்டார் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது.

பொன்னம்மாள் மெத்தை பெஞ்சில் உட்காரவே இல்லை. குனிந்து குனிந்து டால்டா டப்பாவால் தண்ணீரை இறைத்தாள். “என் மனைய முழுங்கின சனியனே,” என்று அவள் திட்டியது படகையா தன்னையா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

தொழிற்சாலையில் யாராவது விசாரித்தால் மட்டும், “சும்மா ஜோரா கீது,” என்று சொல்லிவைத்தான். அழுது வாங்கிய பொருளைக் குறை சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் நடு ஏரியில் நின்றேவிட்டது. வேர்த்து விறுவிறுத்து, துடுப்புப் போட்டுத் தங்கவேலு வீட்டுப் பக்கம் கரை ஒதுங்கினான். தங்கவேலு எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நாகப்பனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது, இந்தத் தடவை படகு இல்லாதவனைப் பார்த்து.

மானத்தைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டுக் கேட்டான். “நெஜத்தச் சொல்லு மச்சான். இந்த எழவ வச்சிகினு வாரா வாரம் எப்படித்தான் அப்படிச் சிரிச்சீங்க?”

தங்கவேலு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கரைமேட்டைப் பார்த்தான். இவர்களோடு வேலை பார்க்கிற லட்சுமணன், குடும்பத்தோடு அங்கே சைக்கிளை நிறுத்திக்கொண்டு, படகையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கவேலு நாகப்பனின் காதோரம் குனிந்தான்.

“லட்சுமணன் பாத்துகினு கீறான், நல்லா சிரி, வாங்கிக்குவான்.”