கடைசிச் சுற்று ஆந்தையோடு

“இன்னும் ரெண்டு நாள் தாங்குமா? சரி சரி, எப்படியாவது இங்க முடிச்சிட்டு வந்துடறேன். நீ தைரியமா இரு.”

தூணுக்குப் பின்னால் நின்று மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார் அவர். கண்டும் காணாததுபோல் போய்விடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் காதில் விழுந்துவிட்டது. வீட்டில் கைச்செலவுக்கே திண்டாட்டம் போலிருக்கிறது, பாவம்.

பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசில் தொழில் பண்ணும் கிரிப்டோக்காரர்கள் கூடும் ஹோட்டல் ஹால் அது. ஒரு கிரிப்டோ கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அதாவது, வேலை தேடி வருகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள், அவளும் பதிலுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாயங்காலத்துக்குள் காலும் வலித்தது, கன்னமும் வலித்தது.

தூணுக்குப் பின்னால் இருந்தவருக்கு அவள் ஆபீசில் வைத்த பெயர் ‘கார்டு சார்’. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்னாலேயே வந்து நின்று விசிட்டிங் கார்டை நீட்டுவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், பாங்கில் இருந்தவராம். அவளுக்கு நாற்காலி பிடித்து வைப்பார், காப்பி வாங்கி வருவார், அவளோடு வேலை பார்க்கும் சின்னப் பசங்களுக்குக்கூட வணக்கம் வைப்பார். இத்தனை பேரைக் காக்கா பிடித்தும் ஒருவரும் அவரை உள்ளே விட்டபாடில்லை.

இன்றைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்கம்மா. நின்னுக்கிட்டே இருக்கீங்க.”

“சார், ஒண்ணு கேக்கறேன். எத்தனையோ கம்பெனி இருக்கு. எங்களையே ஏன் பிடிச்சுத் தொங்கறீங்க?”

“உங்க முதலாளி ஒருநாள் ஆன்லைன்ல பேசினாரும்மா. மூஞ்சி காட்டல, ஆந்தை படம்தான் இருந்துது. அந்தக் குரலக் கேட்டதுமே முடிவு பண்ணிட்டேன், போனா இவர்கிட்டதான் போகணும்னு.”

இந்த மாதிரி ஐஸெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. முதலாளியை எல்லோரும் ஆந்தை என்றுதான் சொல்வார்கள். அந்தத் தொழிலில் பாதிப் பேர் முகத்தையும் பெயரையும் வெளியே விடுவதில்லை. காசு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பயம். ஆபீஸ் விலாசமும் ரகசியம். வேலைக்கு வருகிறவர்களும் பட்டப்பெயரில் விண்ணப்பம் போட்டால் போதும். ஆனால் இன்டர்வியூவின் கடைசிச் சுற்றை மட்டும் ஆந்தையே நேரில் எடுப்பார். வெளி ஆள் அவர் முகத்தைப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

“ஆள் எப்படிம்மா இருப்பாரு? ஒடம்பு நல்லா இருக்கா?”

ஆந்தையைப் பற்றி ஊரே கேட்கிற கேள்விதான். “ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பாரு சார். டீயிலயே உயிர் வாழற ஆளு.”

கார்டு சார் தலையாட்டினார். கையில் இருந்த காப்பியைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டார்.

அவளுக்கு அவரைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது, தன்னை நினைத்தாலும் அலுப்பாக இருந்தது. “உண்மையச் சொல்லிடறேன் சார். நாளையோட ஆள் எடுக்கறத நிறுத்தறோம். உங்களுக்குக் கோடிங்கும் தெரியாது. போன தடவ நான் சிபாரிசு பண்ண ஆளு ஒரே வாரத்துல ஓடிட்டான், முதலாளி என்னை வறுத்தெடுத்துட்டாரு. இன்னொரு தடவ சொதப்பினா என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாரு.”

“கணக்குப் பார்க்கச் சொன்னாலும் பார்க்கறேன், பெருக்கச் சொன்னாலும் பெருக்கறேன். அந்தக் கடைசிச் சுற்றுக்கு மட்டும் அனுப்பி விடுங்கம்மா. ரெண்டு நிமிஷம் போதும். அவரே வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் உங்க கண்ணுலயே பட மாட்டேன்.”

அவர் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு முடையா இந்த மனுஷனுக்கு என்று நினைத்தாள். தூணுக்குப் பின்னால் கேட்ட பேச்சு வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

“சரி சார். காலைல விலாசம் அனுப்பறேன். என் பேரக் கெடுத்துடாதீங்க.”

அவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும்மா,” என்றார். கண்ணில் தண்ணீர்.

மறுநாள் காலை அவர் அதே சட்டையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை. கையை வீசிக்கொண்டு வந்திருந்தார்.

“சர்டிபிகேட் எல்லாம் எங்க சார்?”

“அவசரத்துல விட்டுட்டேன்மா.”

தொலைந்தது, இன்றோடு நம் சீட்டு கிழிந்தது என்று நினைத்தபடி அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். இனித் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை.

ஆந்தையின் அறையில் திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. மேசை முழுக்கக் காலி டீ கப்புகள். தலையை மூடிய கறுப்புச் சட்டையில் முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தார், வந்தவர்கள் பக்கம் திரும்பவில்லை.

“இவர்தான் சார் நான் சொன்னவரு,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“உட்காருங்க. எங்ககிட்ட எதுக்கு வேலைக்கு வரணும்னு நினைக்கிறீங்க?” கேட்டுவிட்டுத்தான் ஆந்தை திரும்பினார். திரும்பியவர் அப்படியே எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கால் மேசையில் இடித்து ஒரு கப் உருண்டு விழுந்தது.

கார்டு சார் உட்காரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், முதலாளியின் தலையை மூடியிருந்த துணியைப் பின்னால் தள்ளிவிட்டார்.

“வேலையெல்லாம் வேணாம்டா தம்பி. அம்மாவுக்கு ரொம்ப முடியல, எழுந்து வா.”