எழுந்திருக்காத நாயகன்

பறக்கும் நாயகன் பட வரிசையின் நாலாம் பாகத்துக்குக் கதை எழுதப் புதிதாக வந்தவர், எதிரே நாயகனின் மேலங்கிக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"மூணாம் பாகத்துல அவ்வளவு உசரத்துலேருந்து விழுந்தவன், தூசியத் தட்டிட்டு எழுந்து நிக்கிறானே. நீங்களா இருந்தா கதைய எப்படிக்கா கொண்டுபோயிருப்பீங்க?"

"எழுந்திருக்காம விட்டிருப்பேன் சார்."

"நாயகன் செத்துட்டா அடுத்த பாகம் ஏது? உங்க பிழைப்புலயும்ல மண் விழும்."

"விழட்டும்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "இந்தத் தடவை டூப் போடுறது யாரு சார்? உடுப்பு தைக்க அளவு வேணும்."

"எதுக்குக்கா ரெட்டை வேலை? போன தடவை குதிச்சவரோட உடுப்பே இருக்குமே."

"இல்ல சார். குதிச்சது என் வீட்டுக்காரர். அந்த உடுப்போடயே அடக்கம் பண்ணிட்டோம்."