நீலக் கோடு

மூன்றாவது மென்பொருளும் இறங்கி முடிந்தது.

அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வேர்வையில் மவுஸ் வழுக்கியது.

முதலாவது, நாவலின் காட்சிகளை அட்டைகளாகப் பலகையில் குத்திக் காட்டியது. தபித்தாவின் அட்டைகளை எடுத்தான். மிச்சம் இருந்தவை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அந்நியர்கள் மாதிரி நின்றன.

இரண்டாவது மரம் போலக் கிளை விரித்தது. அவளை வெட்டினான். பாதி மரம் சாய்ந்தது.

ஒன்பது வருடம் எழுதிய நாவல். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று சனி, மத்தியானம்.

அதற்குள் ஒரே ஒருத்தியை, பிரித்த தடம் தெரியாமல் எடுத்தாக வேண்டும்.

தபித்தா, நாவலுக்காக வைத்த பெயர். அவள் அவனுடைய அக்கா.

போன வாரம் பிரதியைப் பெருமையோடுதான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். படித்துவிட்டுப் போனில் சொன்னாள்.

"எல்லாம் நல்லா இருக்குலே தம்பி. என்னைய மட்டும் எடுத்துரு."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பதினேழாம் அத்தியாயம் முழுக்க அவள் மனநல ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதம். இப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"ஆண்டவரே, இதிலயாவது வழி காட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவதைத் திறந்தான்.

இது ஆளுக்கொரு நிறத்தில் கோடு போடும். ஒருவரை மறைத்தால் மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று காட்டும். அவனுக்கு வேண்டியது இதுதான்.

கோடு போடுமுன் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டது.

இவருக்கு என்ன வேண்டும்?

அப்பா: ஊரில் மரியாதை.

தம்பி, அதாவது அவனே: எழுத்தாளன் என்ற பெயர்.

தபித்தா:

விரல் நின்றுவிட்டது.

நானூறு பக்கம் அவளை எழுதியிருக்கிறான்.

கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே போகவிடவில்லை. ஒரு புள்ளி வைத்தான். அது போதும் என்று ஒப்புக்கொண்டது.

கோடுகள் விரிந்தன. அவளுடையது நீலம்.

மறைத்தான்.

ஐந்தாம் அத்தியாயத்தில், மழையில் நனைந்து வந்த தம்பி கதவைத் தட்டிக்கொண்டே நின்றான். திறக்க உள்ளே ஆள் இல்லை.

பன்னிரண்டில் அப்பாவுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட ஒரு கை இல்லை.

இருபத்தொன்றில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தபடியே இருந்தார்கள்.

யாரும் செத்துவிடவில்லை. எல்லோரும் தனியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அவசரமாக நீலத்தைத் திரும்பக் கொண்டுவந்தான்.

அப்போதுதான் பதினேழு கண்ணில் பட்டது.

அங்கே நீலம் மட்டும்.

நாலு மாதமும் வேறொரு நிறம் அதன் பக்கம் வரவில்லை. தம்பியின் பச்சைக் கோடு வெகு மேலே, சென்னையில், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எழுதியவன் அவன்தான். பிற்பாடு அவள் வாய்விட்டுச் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தான்.

போனை எடுத்தான்.

"சாப்ட்டியாலே?" என்றாள். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒனக்கு என்ன வேணும்?"

"கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்குலே."

அவன் சிரிக்கவில்லை.

மெஷின் நின்றது.

அக்கா சொன்னாள். "எடுக்க முடியலன்னா விட்டுரு. அந்தப் பதினேழுல மட்டும், ஒருநாளாவது யாரோ என்னையப் பாக்க வந்தாவன்னு எழுதிரு. பொய்யா இருந்தாலும் பரவால்ல."

திரையில் பச்சைக் கோட்டைப் பிடித்து இழுத்தால் போதும். கீழே இறங்கி வந்துவிடும். அவ்வளவு சுலபம்.

அவன் இழுக்கவில்லை.

பதிப்பகத்துக்கு ஒரு வரி அனுப்பினான். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சட்டையை மாட்டினான். அக்கா ஊருக்கு மூன்றே காலுக்கு ஒரு பஸ் உண்டு.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பழக்கடை. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் வாங்குகிற மாதிரி, சாத்துக்குடி ஒரு கிலோ, ஒரு ரொட்டி பாக்கெட்.

"யாருக்குண்ணே மேலுக்குச் சொகமில்ல?" என்று கேட்டபடி கடைக்காரர் நிறுவையில் இல்லாத இன்னொரு பழத்தையும் பைக்குள் போட்டார்.

"அக்காவுக்கு" என்றான்.